உயிரணுவின் பற்று



நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில், என்னிடம் ஏழாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன், வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்ததால் வலது உள்ளங்கையில் கடுமையான தீக்காயம் அடைந்தான். சில திங்கள் கழித்து அவன் பள்ளிக்குத் திரும்பியபோது புண் முற்றும் ஆறியிருந்தது. ஆனால் தழும்பு சுருங்கி, விரல்களை உள்நோக்கி இழுத்து வளைத்துவிட்டது. எழுதுகோலைப் பிடிக்க இயலாமல், இடக்கையால் எழுதப் பழகிக் கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் என்னைப் பார்த்து, "ஐயா, புண் ஆறிவிட்டது, கை ஏன் ஆறவில்லை?" என்று கேட்டான். "தழும்பு அப்படித்தான் இருக்கும், அப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது விடையன்று, விடை அறியாதவன் கூறும் ஆறுதல் மொழி. அவன் கேட்ட கேள்விக்கு உரிய விடையைத் தேடிச் சென்றால், அது கடலோடிகளின் கதையாகவும், சென்னை நகரத்து ஆராய்ச்சிக் கூடத்தின் கதையாகவும், இறுதியில் நம் உடம்பில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்னும் கதையாகவும் விரிகிறது. அதனையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தச்சர் பலகைகளை ஒட்டுவதற்கு வச்சிரம் காய்ச்சுவதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். மாட்டுத் தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றை நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்து எடுத்த பசையே அது. அப்பசைக்கு மூலமாக அமைந்த புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். 'பசையை ஈனுவது' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். நம் உடம்பிலுள்ள புரதம் அனைத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கொலாஜனே. தோலுக்கு உறுதியையும், தசைநாணுக்கு இழுவலிமையையும், எலும்புக்கு உள்நாரையும் அளிப்பது அதுவே. இதுவரை 28 வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. வீடு கட்டுவோர் மூங்கிலால் சாரம் கட்டி அதன்மேல் ஏறி நின்று வேலை செய்வார்கள் அல்லவா? உயிரணுக்களுக்குக் கொலாஜன் அத்தகைய சாரம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கட்டடம் முடிந்ததும் மூங்கிற் சாரத்தைப் பிரித்துவிடுவோம். உடம்பின் சாரமோ வாழ்நாள் முழுவதும் நிற்க வேண்டும்.

அந்தச் சாரம் தானாக நிற்பதன்று என்பதை மனிதகுலம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1740-இல் ஆன்சன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஆறு போர்க்கப்பல்களுடன் புறப்பட்டார். 1744-இல் உலகைச் சுற்றித் தாயகம் திரும்பியது ஒரே கப்பல். மாலுமிகளுள் பெரும்பாலோரைக் கொன்றது பகைவரின் பீரங்கியன்று. ஸ்கர்வி என்னும் நோய். அக்கப்பலின் சமயகுருவாகிய வால்ட்டர் என்பவர் பெயரில் 1748-இல் வெளிவந்த நூலில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உள்ளது. 1690-இல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் காயமுற்று, பின்னர் நலமடைந்து, ஐம்பது ஆண்டுகள் கழித்த முதியவர் ஒருவர் அக்கப்பலில் இருந்தார். ஸ்கர்வி பற்றியதும் அவருடைய பழம் புண்கள் ஆறியதே இல்லை என்பதுபோல் மீண்டும் வாய் திறந்தன. முறிந்து கூடிய எலும்பும் விட்டுப் போயிற்று.

1747-இல் ஸால்ஸ்பரி என்னும் கப்பலில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், இந்நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இருவருக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அப்பழங்களில் உள்ள பொருள் எது என்பது 1930-களின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. நாம் வைட்டமின் சி என்று அழைப்பது அதுவே. கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கேறுவதற்கு அந்த வைட்டமின் இன்றியமையாதது. ஐம்பது ஆண்டுத் தழும்பு ஏன் பிரிந்தது என்பதும் இப்பொழுது விளங்குகிறது. தழும்பு கல்வெட்டுப் போன்றதன்று. அதிலுள்ள கொலாஜன் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்து, நாள்தோறும் புதிதாக நெய்யப்படுகிறது. நெய்வது நின்றால் கரைவது மட்டும் எஞ்சும். ஆறிய புண் என்பது முடிந்துபோன செயலன்று. இடையறாது நடைபெறும் செயல்.

இத்தகைய கொலாஜனின் வடிவம் யாது? இக்கேள்விக்கு விடை கிடைத்த இடம் நமது சென்னை. 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவராக, துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று வந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். அப்பொழுது அவருக்கு வயது 30. அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜனைப் பற்றி அதுவரை வெளியான வடிவங்களுள் எதுவும் மனநிறைவு தருவதாய் இல்லை என்று அவரிடம் கூறினார். அச்சொல்லே ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் ஆதலால், ஆராய்ச்சிப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து பெற்ற கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் வைத்து ஆராய்ந்து, 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று இராமச்சந்திரன் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட புரி என்று அவர்கள் திருத்தமாக எடுத்துரைத்தார்கள். இழைகளைப் பிணைக்கும் ஹைடிரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றி, இங்கிலாந்திலிருந்த ரிச், கிரிக் ஆகிய இருவரும் மாறுபட்டனர். அதில் அவர்கள் கூற்றே பின்னர் ஏற்கப்பட்டது. எனினும் மூவிழைப் புரி என்னும் அடிப்படை வடிவம் சென்னையில் கண்டதுதான். கயிறு திரிப்போர் மூன்று புரிகளை முறுக்கித் திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இவ்வடிவம் எளிதில் விளங்கும். மூன்றாவதாக வரும் ஒவ்வோர் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதனால்தான் புரி இவ்வளவு இறுக்கமாக அமைகிறது. இந்த இறுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது ஒரு புதிராக வந்து நிற்கும்.

இதுவரை சாரத்தைப் பார்த்தோம். இனி அதன்மேல் நிற்கும் வேலையாளைப் பார்ப்போம். நம் பாடநூல்களில் செல் என்று குறிக்கப்பெறும் உயிரணுவைப் பற்றி, அது நீரில் மிதக்கும் சிறு குமிழி என்ற எண்ணம் மாணவர் பலருக்கு உண்டு. இரத்தத்தில் ஓடும் அணுக்களுக்கு அது பொருந்தலாம்; தோலணுவுக்கோ தசையணுவுக்கோ பொருந்தாது. 1907-இல் அமெரிக்க விஞ்ஞானி ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவைச் சிறிதளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் தொங்கும் நிணநீர்த் துளியில் வைத்து உடம்புக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். பின்னர் அவர் நுட்பமான சோதனை ஒன்றையும் செய்தார். திரவத்தில் சிலந்தி நூலைக் கட்டி வைத்தார். உயிரணுக்கள் அந்நூலைப் பற்றிக்கொண்டு, கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் போல் அதன் வழியே நீண்டு சென்றன. நகர்வதற்கு உயிரணுவுக்கு ஒரு பிடிமானம் தேவை என்பது அதனால் புலனாயிற்று.

1956-இல் எர்மன், கை என்னும் இருவர் எலிவாலிலிருந்து எடுத்த கொலாஜனைக் கண்ணாடிபோல் தெளிந்த கூழாக்கி, அதன்மேல் உயிரணுக்களை வளர்க்கும் முறையை வெளியிட்டனர். வெறுங் கண்ணாடியில் ஒட்டத் தயங்கிய அணுக்கள் பலவும் கொலாஜன்மேல் நன்கு பரவி வளர்ந்தன. பெரும்பாலான திசுக்களின் உயிரணுக்கள் எதையாவது பற்றி நின்றால்தான் பெருகும் என்னும் உண்மைக்கு 1968-இல் ஸ்டோக்கர் முதலியோர் 'நங்கூரச் சார்பு' என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினர். பற்றிழந்த உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்கிறது என்பது 1994-இல் வெளியாயிற்று. அதற்கு இட்ட கிரேக்கப் பெயரின் பொருள் 'வீடற்ற நிலை'. புற்றுநோய் அணுவோ பற்றின்றியும் பெருகும். அதன் கொடுமைகளுள் அதுவும் ஒன்று. பற்றை விடுவதைப் பற்றி நம் முன்னோர் மிகுதியாகப் பேசியிருக்கிறார்கள். உயிரணுவுக்கோ பற்றே உயிர்.

சரி, உயிரணு கொலாஜனைப் பற்றும் கை எது? 1974-இல் ராபர்ட் கிளீப் என்பவர், சிலவகை உயிரணுக்கள் கொலாஜனில் ஒட்டுவதற்கு இரத்த நீரில் உள்ள ஒரு புரதம் துணை செய்கிறது என்று கண்டார். ஃபைப்ரோநெக்டின் என்று பெயர் பெற்ற அப்புரதம், ஒரு புறம் கொலாஜனையும் மறு புறம் உயிரணுவையும் இணைக்கும் கொக்கியாகப் பணியாற்றுகிறது. ஆயிரக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெரும் புரதத்தில் உயிரணு பற்றுமிடம் எது என்று தேடிய பியர்ஷ்பாக்கர், ருவோஸ்லாட்டி ஆகிய இருவரும், 1984-இல் திகைக்கத்தக்க விடையைக் கூறினர். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்னும் மூன்றே எழுத்துக்களை உள்ளடக்கிய சிறு துண்டுதான் அப்பிடி. யானையைச் சிறு அங்குசம் கொண்டு பாகன் நடத்துவது போன்றதே இது.

உயிரணுவின் மேற்பரப்பில் நின்று அந்தப் பிடியைப் பற்றும் புரதத்திற்கு 1986-இல் ரிச்சர்ட் ஹைன்ஸ் முதலியோர் இன்டெகிரின் என்று பெயரிட்டனர். 'ஒன்றாக இணைப்பது' என்பது அதன் கருத்து. இன்டெகிரின் உயிரணுவின் உறையை ஊடுருவி நிற்கிறது. அதன் ஒரு முனை வெளியே உள்ள நாரைப் பற்றுகிறது. மறு முனை, இடையில் வேறு சில புரதங்களின் வாயிலாக, உள்ளே உள்ள இழைகளோடு பிணைந்துள்ளது. ஆகவே அது பிடிப்பதோடு நில்லாமல், வெளியே சாரம் உறுதியா தளர்ச்சியா என்னும் செய்தியை உள்ளே அனுப்பவும் செய்கிறது. இவ்வாராய்ச்சிகளுக்காக ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

இங்குதான் நான் முன்பு குறிப்பிட்ட புதிர் வருகிறது. கொலாஜனிலும் அந்த மூன்றெழுத்துப் பிடி உண்டு. ஆயின் புரி இறுக்கமாக முறுக்கேறியிருப்பதால் அது உயிரணுவின் கைக்கு எட்டுவதில்லை. கொலாஜனைக் காய்ச்சி வச்சிரமாக்கினால், அஃதாவது புரி பிரிந்தால், அப்பொழுதுதான் அது வெளிப்படும். அங்ஙனமாயின், முறுக்குக் குலையாத கொலாஜனை உயிரணு எவ்வாறு நேராகப் பற்றுகிறது? அதற்கென்றே வேறுவகை இன்டெகிரின்கள் நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்று பற்றும் இடம், கிளைசின், ஃபினைல் அலனின், ஹைடிராக்சி புரோலின், கிளைசின், குளூட்டமிக் அமிலம், ஆர்ஜினின் என்னும் ஆறு அமிலங்களின் வரிசை. 2000-ஆம் ஆண்டில் எம்ஸ்லி முதலியோர் அப்பிடிப்பின் வடிவத்தையே எக்ஸ்-கதிரால் படம் பிடித்தனர். புரியிலுள்ள குளூட்டமிக் அமிலத்திற்கும் இன்டெகிரினுக்கும் இடையே ஓர் உலோக அயனி நின்று தாழ்ப்பாள் போல் இணைப்பது அதில் தெரிந்தது. சென்னையில் வரைந்த மூவிழைப் புரியை உயிரணு எவ்விடத்தில் தொடுகிறது என்பது, ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு கண்ணுக்குப் புலனாயிற்று.

இனிப் புண் ஆறும் முறையைப் பார்ப்போம். தோல் கிழிந்ததும் இரத்தக் குழாயின் சுவரில் மறைந்திருந்த கொலாஜன் வெளிப்படுகிறது. இரத்தத் தட்டணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. கொலாஜனைப் பற்றும் அந்த இன்டெகிரின் தட்டணுக்களில் குறைந்திருந்த ஒரு நோயாளிக்கு, காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்பதில்லை என்று 1985-இல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பிறகு உறைந்த இரத்தமும் ஃபைப்ரோநெக்டினும் சேர்ந்து தற்காலிகச் சாரமாக அமைகின்றன. விளிம்பிலுள்ள தோலணுக்கள் புண்ணின்மேல் ஊர்ந்து வரத் தொடங்குகின்றன.

ஊர்வதற்குப் பற்றினால் மட்டும் போதாது, விடவும் வேண்டும். மரம் ஏறுவோன் பிடித்த கையை விடாவிட்டால் மேலே செல்ல முடியுமா? 1962-இல் குரோஸ், லாப்பியர் ஆகியோர் தவளைக் குஞ்சாகிய தலைப்பிரட்டையின் வால் எவ்வாறு மறைகிறது என்று ஆராய்கையில், கொலாஜனை வெட்டும் நொதி ஒன்றைக் கண்டனர். அவ்வகை நொதியைத்தான் தோலணுவும் கையாளுகிறது. கொலாஜனைத் தொட்டதும் அந்நொதியைச் சுரந்து, தான் பற்றிய நாரைத் தானே வெட்டி, பிடியைத் தளர்த்தி, அடுத்த அடி வைக்கிறது என்பதனை 1997-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். நொதியைத் தடுத்தபோது தோலணு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

பின்னர் உட்டோலைச் சேர்ந்த, நார் நெய்யும் உயிரணுக்கள் வந்து புதிய கொலாஜனை இடுகின்றன. அவற்றுள் பல, தசையைப் போல் சுருங்கும் ஆற்றலைப் பெறுகின்றன என்று 1971-இல் கபியானி முதலியோர் அறிவித்தனர். நார்களை இன்டெகிரின் கைகளால் பற்றி, அவை உள்ளே இழுக்கின்றன. புண்ணின் விளிம்புகள் நெருங்குகின்றன. 1979-இல் யூஜீன் பெல் என்பவர் இவ்வணுக்களைக் கொலாஜன் கூழில் கலந்து வைத்தபோது, அக்கூழ் 24 மணி நேரத்தில் தன் பரப்பில் 28-இல் ஒரு பங்காகச் சுருங்கியது. கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் கூட்டு வலிமை அத்துணை!

சிறு காயத்தில் இந்த இழுப்பு உயிர் காக்கும் உதவி. திறந்த புண் விரைவில் மூடினால்தான் நோய்க்கிருமி புகாது. ஆனால் பெருந் தீக்காயத்தில் அதே இழுப்பு விரலை வளைக்கிறது. கழுத்தைக் குனிய வைக்கிறது. அவசரமாக நெய்யப்பட்ட நார்கள் ஒரே திசையில் அடுக்கிக் கிடப்பதால், தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் எட்டுவதுமில்லை. என் மாணவனின் கையில் நடந்தது இதுவே. அவன் உடம்பு தவறு செய்யவில்லை. உயிரைக் காக்க விரைந்தது. அந்த விரைவில் கையை மறந்தது.

அந்த விரைவைத் தணிக்க முடியுமா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜான் பர்க், தீக்காயத்தால் இறப்போரைக் கண்டு வருந்தி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் யானாஸ் அவர்களை நாடினார். பெருந் தீக்காயத்தில் ஒட்டுப் போட நோயாளியின் சொந்தத் தோல் போதாது. பிறர் தோலை உடம்பு ஏற்காது. ஆதலால் மாட்டுக் கொலாஜனோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்து, நுண்துளைகள் நிறைந்த பஞ்சு ஒன்றை அவர்கள் செய்தனர். அதன்மேல் சிலிக்கோன் ஏடு ஒன்றைப் போர்த்தினர். புண் விரைவில் மூடுவதற்கு ஒரு பொருளைத் தேடப் போனவர்கள், புண் சுருங்குவதைத் தாமதப்படுத்தும் பொருளைக் கண்டனர். முதலில் குறையாகத் தோன்றிய அதுவே பெரும் பேறாயிற்று. சுருக்கம் தடைப்பட்ட இடத்தில் தழும்புக்கு மாறாக, உட்டோலை ஒத்த திசு வளர்ந்தது. உடம்பில் பாதி முதல் 95 விழுக்காடு வரை வெந்த 10 நோயாளிகளுக்கு இதனைப் பயன்படுத்திய செய்தியை 1981-இல் வெளியிட்டனர். 1996-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது.

அந்தப் பஞ்சு என்ன செய்தது? இழுக்கும் உயிரணுக்கள் வழக்கம்போல் ஒரே வரிசையில் நின்று ஒரே திசையில் இழுக்காமல், பஞ்சின் துளைச் சுவர்களில் எங்கும் கொலாஜன் பிடிகளைக் கண்டு, ஆளுக்கொரு பக்கம் பற்றிக்கொண்டன. தேர் வடத்தைப் பிடித்த ஊரார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் இழுத்தால் தேர் நகருமா? துளை மிகச் சிறிதாயின் அணு உள்ளே புகாது. மிகப் பெரிதாயின் பற்றுமிடம் குறைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரையுள்ள துளைகளே பயன் தந்தன. பஞ்சு விரைவில் கரைந்தாலும் பயனில்லை. கரையாமல் நின்றாலும் பயனில்லை. திசுப் பொறியியல் என்னும் இன்றைய துறை இத்தகைய கணக்குகளின்மேல் எழுந்ததாகும். எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இவ்வாறு வளர்ந்த தோலில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் முளைப்பதில்லை. உடம்பு தானே முதன்முறை நெய்த தோலுக்கு நிகரான தோலை மனிதன் இன்னும் நெய்யவில்லை. அது உங்கள் தலைமுறைக்கு எஞ்சியிருக்கும் பணி.

நண்பர்களே! ஸ்கர்வியால் வாடிய மாலுமி, சிலந்தி நூலில் நடந்த அணு, கங்காருவின் வால், தலைப்பிரட்டையின் வால் ஆகியவற்றுக்குள் என்ன உறவு என்று தொடக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தால், அவற்றை ஆராய்ந்தவர்களே விடை கூறியிருக்க மாட்டார்கள். அவரவர் தம் முன் நின்ற கேள்விக்கு நேர்மையாக விடை தேடினர். அவ்விடைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மூவிழைப் புரிபோல் வலுப்பெற்றன.

அந்த மாணவன் இப்பொழுது நடுத்தர வயதைத் தாண்டியிருப்பான். எங்கிருக்கிறான் என்று அறியேன். அவன் என்னைக் கேட்ட நாளிலேயே, பாஸ்டன் மருத்துவர்கள் தம் விடையை அச்சிட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன, நான் தேடவில்லை. இந்த வானொலியின் முன் அவன் அமர்ந்திருப்பானாயின், காலங் கடந்தேனும் அவனுக்கு நான் கூற வேண்டியது இதுதான்: "தம்பி, உன் கை ஆறாமல் இல்லை. உன் உயிரணுக்கள் உன்னைக் காப்பதற்காக நாரை இறுகப் பற்றி இழுத்தன. எப்பொழுது விட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. அதனை அவற்றுக்குக் கற்பிக்கும் முயற்சி இப்பொழுது நடந்து கொண்டிருக்கிறது. நீ கேட்டது நல்ல கேள்வி."